ஆறாம் புள்ளி

ஷாகிராவின் இரண்டு கைகளும்
ஒரே வரியில் கிளம்பும்.
பாதி வரியில் இடது கழன்றுகொள்ளும்.
வலது மிச்சத்தை முடிப்பதற்குள்
இடது, அடுத்த வரியின் வாசலில்
செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கும்.
கத்தரிக்கோல் முறை என்பார்கள்.
ஒருநாள் அவள் கைகளின் மேல் என் கைகளை வைத்து
ஓடவிட்டாள். அப்படித்தான் எனக்குத் தெரியும்.
நிமிடத்துக்குத் தொண்ணூற்று நாலு சொல்.
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்க
குனிந்து நுழைந்து போகிறவர்களைப் போல
முற்றுப்புள்ளியிலும் நிற்க மாட்டாள்.

எனக்கு ஒரு விரல்தான் ஓடும். வலது ஆட்காட்டி.
இடது கை பக்கத்தின் ஓரத்தை
பஸ் கம்பி மாதிரி பிடித்துக்கொண்டு
சும்மா வரும்.

வெள்ளிக்கிழமை ஐம்பத்தெட்டு.
திங்கட்கிழமை முப்பத்தொன்பது.
பயிற்சிக்கு வந்திருந்த பிரசில்லா மிஸ்
செல்போனை இரண்டு தரம் அமுக்கிப் பார்த்தார்.
"வீட்டுக்குப் போனா புக்கையே தொடுறதில்லியா?"
இல்லை என்று சொல்லிவைத்தேன்.

சனி, ஞாயிறு காசிமேட்டில் இறால் உரிக்கிறேன்.
தலையைக் கிள்ளு, ஓட்டை உருவு, முதுகு நரம்பை இழு.
அங்கே நான்தான் ஷாகிரா.
ஒரு கை உருவும்போதே
மறு கை கூடைக்குள் அடுத்ததைப் பிடித்திருக்கும்.
"இன்னா ஸ்பீடு கண்ணு" என்பார்
எடை போடுகிற தேசப்பன்.
ஐஸ் தண்ணியும் கொம்பு குத்தினதும் சேர்ந்து
ஞாயிறு ராத்திரி விரல் நுனி
ஊறின கொண்டைக்கடலை.

அந்த விரலோடு, திங்கட்கிழமை, பதினாலாம் பக்கம்.
மேல் புள்ளிகள் கிடைத்தன.
கீழே, வலது மூலையில், ஆறாம் புள்ளி
வீங்கின தோலுக்கடியில் எங்கோ அமுங்கிப்போனது.
ஆறு போனால் வ, ல ஆகிவிடும்.
சத்தமாகப் படித்தேன்:
"புலவர்களுக்கு மன்னன் லாரி வழங்கினான்."
(அடுத்த வ-வை ஊகித்துவிட்டேன்.
யாரும் எதையும் லழங்குவதில்லை.)

வகுப்பு மேசைகளைத் தட்டிச் சிரித்தது.
"தண்ணி லாரியா, கண்டெய்னரா?" பின்வரிசை இம்மானுவேல்.
எண்ணூர் நெடுஞ்சாலையில் சரியாக அப்போது ஒன்று
ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போனது.
எங்கள் தெருவில் குடத்தோடு நிற்பவர்களைக் கேட்டால்
மன்னன் சரியாகத்தான் செய்திருக்கிறான் என்பார்கள்.

எனக்கு ஆத்திரம். அந்தச் சொல்லை விடவில்லை.
மேலும் கீழும், போய்த் திரும்பி,
நகத்தருகே வைத்து, நுனியை மடக்கி,
தேய்த்துக்கொண்டே இருந்தேன்.
அடுத்த திங்கள். அதற்கடுத்த திங்கள்.
ஒன்பது பேருக்கு ஒரே பிரதி.

பிறகு ஒன்று கவனித்தேன்:
உரிக்கும்போது இடது மோதிர விரல்
எதையும் தொடுவதில்லை.
வேலைக்கு வராத மருமகன் மாதிரி
ஓரமாக நீட்டிக்கொண்டிருக்கும்.
அதை வரியில் இறக்கினேன்.
முதல் நாள் பதினேழு.
சொல்லின் நடுவே வழி தெரியாமல் நின்று
மேல் வரியில் ஏறிவிடும்; பிடித்து இழுத்துவர வேண்டும்.
பொங்கல் லீவு முடிந்து வந்த திங்கட்கிழமை
ஐம்பது.

அதே நாள் ஷாகிராவுக்கும் நேரம் பார்த்தார்கள்.
பதினாலாம் பக்கத்தில், தடங்கலே இல்லாமல்,
"மன்னன் லாரி வழங்கினான்" என்று தாண்டிப்போனாள்.
மிஸ்ஸின் பென்சில் அச்சுப் புத்தகத்தில் கீறியது.
"வாரி."
"லாரிதான் மிஸ். நீங்களே தொட்டுப் பாருங்க."

நானும் தொட்டுப் பார்த்தேன், மோதிர விரலால்.
காகிதம் அந்த இடத்தில் மட்டும் வழுவழுவென்று.
லேசாக இறால் வாசனை.
ஆறாம் புள்ளி எழுந்திருக்கவே இல்லை.

ஷாகிராவுக்கு ஒன்று குறைத்துத்
தொண்ணூற்று மூன்று போட்டார்கள்.
நான் வாயைத் திறக்கவில்லை.
இனி அந்தப் புத்தகத்தில் யார் படித்தாலும், எந்தக் கையால்,
எவ்வளவு வேகத்தில் படித்தாலும்
அவன் லாரிதான் கொடுப்பான்.
கொடுக்கட்டும்.